பெயர் வெட்டிய பாத்திரம்



"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழ...ம்!" இந்தக் கூவலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் பாதிப்பேராவது இருப்பார்கள். கூவியவர் பெரும்பாலும் பகல் பதினோரு மணிக்கு மேல்தான் தெருவுக்குள் வருவார். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், சமையல் முடிந்திருக்கும், வீட்டுப் பெண்கள் திண்ணைக்கு வரும் நேரம் அது. தள்ளுவண்டியின் ஒரு பக்கம் துருப்பிடித்த சாமான்கள், மறுபக்கம் ஈ மொய்க்கும் பேரீச்சம்பழப் பொதி, நடுவில் ஒரு தராசு. கைப்பிடி போன செம்பு, அடி ஓட்டையான குடம், காது உடைந்த வாணலி எல்லாம் தராசில் ஏறும். பதிலுக்குச் செய்தித்தாள் பொட்டலத்தில் கொஞ்சம் பழம் வரும். பழத்தின் ருசி கண்ட பிள்ளைகள் ஓட்டை இல்லாத கரண்டியையும் கொண்டுபோய்ப் போட்டதுண்டு. பல வீடுகளில் நல்ல கரண்டி காணாமல் போன மர்மத்துக்கு விடை அந்த வண்டியில்தான் இருந்தது.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வருவார். தலையில் பெரிய கூடை, அதில் வெயில் பட்டுக் கண் கூசும் எவர்சில்வர் பாத்திரங்கள். இவருக்கு வேண்டியது பழைய துணி, குறிப்பாகச் சரிகை போட்ட பழைய பட்டுப்புடவை. புடவையை எரித்தால் சரிகையிலிருக்கும் வெள்ளி கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். "இந்தக் கல்யாணப் புடவைக்கு ஒரு டிபன் டப்பாவாவது கொடுப்பா" என்று வீட்டம்மா கேட்க, "மூடி சேர்த்தா கட்டுப்படியாகாதும்மா" என்று அவர் சொல்ல, அரை மணி நேரம் பேரம் நடக்கும். முடிவில் முகூர்த்தப் பட்டு ஒன்று மூன்று டம்ளர்களாகவும் ஒரு மூடியில்லாத டப்பாவாகவும் மாறிவிடும்.

அப்படிப் போன பொருள்களைத்தான் இன்று அந்த வீட்டுப் பேரன் பேத்திகள் தேடித் தேடி வாங்குகிறார்கள். நெல் அவித்த அண்டாவில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிட்டு ஓட்டல் வாசலில் வைக்கிறார்கள். வெற்றிலைச் செல்லம் சாவிக்கொத்து வைக்கும் பெட்டியாகிவிட்டது. பல்லாங்குழிப் பலகை சுவரில் தொங்குகிறது. அரிக்கேன் விளக்குக்குள் மின்சார பல்பு எரிகிறது. பழைய வீட்டுச் சாமான் மேல் இன்று பொங்கி வழியும் இந்தப் பிரியத்தைக் கேலி செய்வது எளிது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பேச்சின் வேலை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சாமான்களைத் தேய்த்தது யார்?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும், புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். தயிரை அதில் ஊற்றி வைத்தால் சாயங்காலத்துக்குள் பச்சை பூத்துக் கைத்துப்போகும். ஆகவே தினமும் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்குப் புளி, சாம்பல், செங்கல் தூள், தேங்காய் நார். கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து ஒரு தவலையைத் தேய்த்து முடிப்பதற்குள் புளியின் எரிச்சல் நகக்கண்ணில் இறங்கிவிடும். கூட்டுக் குடும்பத்தில் இருபது பேருக்குச் சமைத்த பாத்திரங்கள் இப்படித்தான் மலைபோலக் குவிந்து கிடக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் பரணிலிருந்து இறங்கும் பெரிய சாமான்கள் தனிக் கணக்கு. அந்தக் கைகளுக்குப் பித்தளையின் மஞ்சள் பளபளப்பில் அழகு எதுவும் தெரிந்திருக்காது.

உள்பக்கம் களிம்பு ஏறாமலிருக்க ஈயம் பூச வேண்டும். அதற்கும் ஒரு ஆள் தெருவில் கூவிக்கொண்டு வருவார். மண்ணில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, கையால் சுற்றும் துருத்தியை வைத்துக்கொள்வார். பாத்திரத்தை நெருப்பில் காட்டிச் சூடாக்கி, உள்ளே நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தக் கணத்தில் ஈயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சுத் துணியால் சுழற்றித் துடைத்தால் கறுத்த பாத்திரத்தின் உள்புறம் கண் எதிரே வெள்ளியாக மாறும். தெருப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மாயவித்தை கிடையாது. நவச்சாரம் உலோகத்தின் மேலிருக்கும் அழுக்குப் படலத்தை நீக்குகிறது; நீக்கிய இடத்தில் உருகிய ஈயம் ஒட்டிக்கொள்கிறது. வித்தை அவ்வளவுதான். ஆனால் சில மாதங்களில் கரண்டி பட்டுப் பட்டு அந்தப் பூச்சு தேய்ந்துபோகும். மறுபடியும் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இத்தனை பாட்டுக்கும் ஓர் உலோகம் முற்றுப்புள்ளி வைத்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற எஃகு தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அவர் கண்ணில் பட்டது. துப்பாக்கிக்காகத் தேடியது சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய், அங்கிருந்து உலகத்தின் அடுப்படிகளுக்குள் நுழைந்தது. பல ஊர்களில் அதற்குத் துருப்பிடிக்காத எஃகு என்கிற பொருளில்தான் பெயர். தமிழ் வீடுகளில் அதற்கு எவர்சில்வர் என்று பெயர், என்றைக்கும் வெள்ளி. வெள்ளிப் பாத்திரத்துக்கு ஆசைப்பட்டும் வாங்க முடியாமலிருந்த ஒரு சமூகம், விலை மலிவான பளபளப்புக்கு ஏற்றுக்கொண்ட பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தமிழ்நாட்டில் பித்தளை போய் எவர்சில்வர் வந்ததைப் பாரம்பரியத்தைத் தொலைத்த கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. கிணற்றடியில் குந்தியிருந்தவரைக் கேட்டால் அதை விடுதலை என்றுதான் சொல்லியிருப்பார். பழைய பித்தளையை எண்ணி உருகுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தேய்க்காதவர்கள். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அண்டாவின் அழகைப் பேசுவது நியாயமில்லை.

அந்தக் கூவலில் ஒரு சொல் பாக்கியிருக்கிறது: ஈயம். பேரீச்சம்பழக்காரர் ஈயம் என்று கூவியது பெரும்பாலும் அலுமினியத்தை. அலுமினியப் பாத்திரம் சென்னை வழியாகத்தான் இந்திய அடுப்படிக்குள் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரெட் சாட்டர்டன், 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் சோதனையைத் தொடங்கினார். நலிந்துகொண்டிருந்த பித்தளைத் தொழிலாளர்களுக்குப் புதிய பிழைப்பு தேடித் தருவது அவர் எண்ணம். உலோகம் புதிது என்றாலும் சுத்தியலும் கையும் பழையவைதான், அதனால் வேலை சீக்கிரம் பிடிபட்டது. சில ஆண்டுகளிலேயே அது தனியார் தொழிலாக வளர்ந்து ஊரெங்கும் பரவிவிட்டது. வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்ததாலோ என்னவோ, சனங்கள் அதையும் ஈயக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

உண்மையான ஈயத்திலும் இரண்டு உண்டு, வெள்ளீயம், காரீயம். ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது, காரீயம் நஞ்சு. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் பழம்பொருள் கடையில் ஈயச் செம்பு வாங்குகிறவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. எதில் செய்தது என்று நிச்சயமாகத் தெரியாத செம்பை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நல்ல வெள்ளீயச் செம்புக்கும் ஒரு குணம் உண்டு. அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புச் சுவாலையின் சூடு அதைவிடப் பல மடங்கு. அப்படியானால் அதில் ரசம் எப்படிக் கொதிக்கிறது? உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. வாங்கிய சூட்டையெல்லாம் தண்ணீர் ஆவியாக்கி விட்டுவிடும். வெறும் செம்பை அடுப்பில் ஏற்றினால்தான் ஆபத்து. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், மாமியார் வீட்டு ஈயச் செம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போவாள். திரும்பி வருவதற்குள் செம்பு உருகி அடுப்புச் சாம்பலில் கட்டிகட்டியாகக் கிடக்கும். இது எத்தனையோ குடும்பங்களில் சொல்லப்படும் கதை. ஒரே கதையைத்தான் எல்லா வீடுகளும் சொல்கின்றனவா, எல்லா வீடுகளிலும் நிசமாகவே நடந்ததா என்பது வேறு விஷயம். அந்தக் கதையில் திட்டு வாங்கியவள் பிற்காலத்தில் மாமியாரானதும் அதே கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இனி எவர்சில்வருக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் அந்த உலோகத்தின் மேல்தான் இந்தப் பேச்சின் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது. பாத்திரக் கடையில் ஒரு மூலையில் சின்ன ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்பு அவர் கையில் உளியும் சுத்தியலும், பிறகு பேனா போன்ற ஒரு மின்சாரக் கருவி. அது டர்ர்ரென்று அதிரும்போது உலோகத்தின் மேல் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். பெயர் வெட்டுதல் என்று இதற்குப் பெயர். பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோவது அரிது.

வெட்டியதற்குக் காரணம் வெறும் உடைமை உணர்ச்சி இல்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் தெருவிலுள்ள பாத்திரமெல்லாம் ஒரே வீட்டில் கூடும். பந்தி முடிந்ததும் எது யாருடையது என்று பிரித்துத் திருப்பியாக வேண்டும். அதற்கு அடையாளம் வேண்டும். பெயர் இல்லாத டம்ளர் அநாதை. காலப்போக்கில் பெயரோடு வேறு விவரங்களும் சேர்ந்தன: கொடுத்தவர் பெயர், ஊர், தேதி, என்ன விசேஷம். குடத்தின் கழுத்தில் தாய்மாமன் சீர் என்றிருக்கும். தட்டின் விளிம்பில் புதுமனை புகுவிழா என்றிருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த கிண்ணத்தின் அடியில் தம்பதியின் பெயர், தேதியோடு. கொடுத்தவரும் வாங்கியவரும் போய்ச் சேர்ந்த பின்னும் அந்தத் தேதி மட்டும் சாம்பார் கிண்ணத்தில் நின்றுகொண்டிருக்கும். சொத்துப் பத்திரங்களில் பெண்கள் பெயர் அரிதாக இருந்த காலத்தில், அவர்கள் பெயர் முழுசாக எழுதப்பட்டிருந்த மிகச் சில இடங்களில் ஒன்று பாத்திரம் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போதுகூடச் சிலவற்றில் கணவனின் முதலெழுத்து முன்னால் வந்து நிற்கும்.

எழுத்துப் பிழைகளும் உண்டு. வெட்டுகிறவர் காதில் விழுந்ததை வெட்டுவார். ழகரம் ளகரமாகும், ஒரு புள்ளி விடுபட்டுப் பெயரே மாறிப்போகும். உலோகத்தில் விழுந்த பிழையைத் திருத்த வழியில்லை. அந்தப் பெண் அந்த அண்டாவில் மட்டும் ஆயுசுக்கும் வேறொருத்தியாக இருப்பாள்.

இந்தப் பழக்கம் எவர்சில்வரோடு வந்ததும் அல்ல. சிவகங்கை மாவட்டம் கீழடியில் அகழாய்வு நடந்தபோது, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகள் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துகளோடு கிடைத்தன. மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் அப்படிப்பட்ட ஓடுகள் 56 என்று கணக்கு இருக்கிறது. அவற்றில் பல ஆள் பெயர்கள், ஆதன், குவிரன் என்பது போல. பானை சுட்டு முடிந்த பிறகு, கூரான எதையோ கொண்டு தோள்பகுதியில் கீறியிருக்கிறார்கள். கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆகவே எழுதியவர் குயவராக இருக்க முடியாது, பானையை வைத்திருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகக் கீறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலிலும் இதே கதைதான். ஆதன் வீட்டுப் பானை எதற்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கே என்ன விசேஷம் என்று ஓடு சொல்லாது. ஆனால் பானை திரும்பி வர வேண்டும் என்று ஆதன் நினைத்ததாகத் தோன்றுகிறது.

இன்னும் தொலைவில் ஒரு சான்று இருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரையோரம் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது தமிழி எழுத்துள்ள ஒரு சாடியின் உடைந்த துண்டு கிடைத்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் இருந்ததைப் 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்பது உறி. பானையைத் தொங்கவிடும் கயிற்றுப் பின்னல். எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் வெண்ணெயையும் மோரையும் கூரையிலிருந்து தொங்கவிட்ட அதே உறி. குளிர்சாதனப் பெட்டி வரும்வரை தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படியில் அது ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு உறி அலங்காரப் பொருளாக விற்பனைக்கு வந்து, அதில் பூந்தொட்டி தொங்குகிறது. 2,000 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன ஒரு சாடியில் யாரோ ஒருவர் அதன் பெயரைக் கீறி வைத்தார் என்பதை அந்தப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் தெரிந்துகொள்ளலாம்.

பொருளும் பெயரும் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்றால் செட்டிநாட்டைச் சொல்ல வேண்டும். அங்கே கல்யாணத்தில் சாமான் பரப்புதல் என்றே ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களை வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். வெள்ளி, பித்தளை, வெண்கலம், மரம், பனையோலைக் கொட்டான், பாய், மங்குச் சாமான் என்று வகை வகையாக நீளும். வந்தவர்கள் பார்ப்பார்கள், பட்டியல் எழுதப்படும். மங்குச் சாமான் என்றால் எனாமல் பூசிய பாத்திரமும் பீங்கானும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்த எனாமல் அடுக்குகளைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பலவற்றில் ஒருநாள்கூடச் சோறு போடப்படவில்லை. கொடுத்த பெண் வீட்டின் கௌரவமாக இரட்டைப் பூட்டு அறையில் இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் பர்மா கைவிட்டுப் போனது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் நகர்ந்தன. அறுபது எழுபது பேர் இருந்த வீட்டில் காவலாளி மட்டும் மிஞ்சினார். பங்குதாரர்கள் பெருகப் பெருக, வீட்டைப் பராமரிக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல், கடைசியில் இடித்துத் துண்டுதுண்டாக விற்றவர்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குச் சரக்கு வந்த வழி இதுதான். தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் அச்சிட்ட பழைய தாள், ஸ்வீடன் எனாமல் தூக்கு, முறுக்கு உழக்கு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். அந்தத் தெருவில் நடப்பது கண்ணுக்கு விருந்து. ஆனால் தூக்குகளின் அடியைத் திருப்பிப் பார்த்தால் அங்கே விலாசம் இருக்கும். நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் குடும்பத்தின் முதலெழுத்துக் கோவை. மூன்று நான்கு எழுத்துக்குள் தாத்தா, அப்பா, மகன் மூவரும் அடக்கம். வாங்குகிறவருக்கு அது வெறும் கிறுக்கல்.

இந்த வியாபாரத்துக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும் கைவினைப்பொருளும் தொன்மைப் பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும். தொன்மைப் பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாட்டியின் 60 வயது காபி ஃபில்டருக்கு இதெல்லாம் இல்லை. கொள்ளுப்பாட்டியின் பாட்டி வைத்திருந்த வேலைப்பாடுள்ள விளக்கை அமெரிக்காவிலுள்ள மகளுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பும்முன் இந்தச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்களின் பழம்பொருள் ஏக்கத்துக்கு அடுப்படி தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு எச்எம்டி கைக்கடிகாரம் இருக்கிறது. பெங்களூரில் அந்த அரசு நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா, காஞ்சன் என்று வரிசையாகப் பெயர்கள். பத்தாம் வகுப்பு தேறியதற்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, ஓய்வு பெறும் நாளில் மாலையோடு ஒன்று. ஜனதாவுக்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அப்பா சட்டை போடுவதற்கு முன் ஜன்னலோரம் நின்று கடிகாரத்தின் தலையைத் திருகும் அந்தக் கிர்கிர் சத்தம் ஒரு தலைமுறைக்குக் காலைப்பொழுதின் அடையாளம்.

பாட்டரிக் கடிகாரம் வந்த பின் சாவி கொடுக்கிற வேலையே இல்லாமல் போனது. நிறுவனம் நட்டத்தில் விழுந்தது. மூடப்போகிறார்கள் என்று 2014இல் செய்தி வந்ததும் நிலைமை தலைகீழானது. பல வருடங்களாகச் சீந்துவார் இல்லாமல் கிடந்த கடிகாரத்துக்கு ஓடினார்கள். 2016இல் மத்திய அமைச்சரவை மூடலுக்கு ஒப்புதல் கொடுத்தது. இன்றைக்குச் சந்தையில் பழைய எச்எம்டி என்று விற்பவற்றில் பல, உள்ளே பழைய இயந்திரம் இருந்தாலும் மேலே புதிதாக அச்சடித்த முகப்பைப் போட்டுக்கொண்டவை. அசலில் இல்லாத ஊதாவும் சிவப்பும் கண்டால் சேகரிப்பாளர் ஒதுங்கிவிடுவார். அவர் தேடுவது அழுக்கேறிய அசல் முகப்பு. சிலர் இன்னும் ஒரு படி போய்ப் பின்மூடியைப் பார்ப்பார்கள். ஓய்வு நாளில் கொடுத்த கடிகாரமாக இருந்தால் அங்கேயும் ஒரு பெயர் வெட்டியிருக்கும், சேவை செய்த ஆண்டுகளோடு.

சேகரிப்பது என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் புனே நகரத்தில் ஒரு சாட்சி நிற்கிறது. தினகர் கேல்கர் அங்கே மூக்குக்கண்ணாடி வியாபாரம் செய்தவர், கவிதையும் எழுதியவர். 1920 வாக்கில் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கினார். ராஜாக்களின் வாளையும் கிரீடத்தையும் தேடி அவர் போகவில்லை. பாக்குவெட்டி, விளக்கு, சீப்பு, மைக்கூடு, கதவு, சமையல் பாத்திரம் என்று சாதாரண வீட்டுச் சாமானைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். மனைவி கமலாபாயும் கூடவே உழைத்தார். அவர்களுடைய ராஜா என்ற மகன் சிறு வயதிலேயே இறந்துபோனான். அருங்காட்சியகத்துக்கு மகன் பெயரை வைத்தார்கள்: ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம். 20,000க்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே இருக்கின்றன. பாக்குவெட்டிகளுக்கு நடுவே நிற்கும்போது, ஒரு பொருளை இத்தனை வடிவத்தில் செய்ய மனுஷனுக்கு எத்தனை ஓய்வு இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். வாசல் பலகையைப் படித்தபின் வேறு ஏதோ தோன்றும்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிமனித வேட்டையின் அளவுக்குப் பெரிதாக இல்லை என்றாலும், சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திரா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வீடுகளே காட்சிப் பொருள். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று உள்ளே நுழைந்து திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உரலைவிட, தாழ்வாரத்தில் கிடக்கும் உரல் அதிகம் பேசுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் குழிக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள்.

உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் போன வேகம் தனிக்கதை. 1955இல் கோயம்புத்தூரில் மின்சார மாவரைக்கும் கல் இயந்திரம் பிறந்தது. இன்று கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. 2011இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தபோது, ஏழை வீட்டிலும் ஆட்டுக்கல் ஓய்வு பெற்றது. பல ஆட்டுக்கற்கள் கவிழ்த்துப் போடப்பட்டு வாசலில் துணி துவைக்கும் கல்லாயின, சில பூந்தொட்டியாயின. அம்மி மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தது, ஏனென்றால் கல்யாணத்தில் பெண் கால் வைக்க அம்மி வேண்டும். கல்யாண மண்டபங்களில் அதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். மிளகாயின் காரம் அறியாத அம்மி அது.

படியின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஊருக்கு ஊர் படியின் அளவு வேறு. பட்டணம் படி என்றே தனியாக ஒன்று உண்டு. 1958இலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்து கிலோவும் லிட்டரும் ஆட்சிக்கு வந்தன. நாழியும் மரக்காலும் கல்யாண மேடைக்கு நெல் நிரப்பப் போய்விட்டன. வீட்டில் மட்டும் ஆழாக்கு இறக்கவில்லை. அரிசி டிரம்முக்குள் கையை விட்டால் இன்றும் அது தட்டுப்படும். எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு என்பதுதான் பல வீடுகளில் இன்றைக்கும் கணக்கு.

சில பொருள்கள் போன பின் சொல்லாக மட்டும் தங்கிவிடும். கூஜா ரயில் பயணத்துக்கான பாத்திரம். திருகு மூடி, தூக்கிப்போக வளைந்த கைப்பிடி. வெளித்தண்ணீர் குடிக்காத ஆசாரக்காரர்கள் அதில் வீட்டுத் தண்ணீரும் காபியும் எடுத்துப்போவார்கள். பெரியமனிதருக்குப் பின்னால் அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் நடப்பார். கூஜா ரயிலிலிருந்து இறங்கிப் பல காலம் ஆகிவிட்டது. கூஜா தூக்குவது மட்டும் அரசியல் மேடையிலும் அலுவலகத்திலும் ஓய்வில்லாமல் நடக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பின்பு, பழம்பொருள் வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் பழைய பித்தளையை இயந்திரச் சக்கரத்தில் பிடித்துப் பாலீஷ் போட்டுத்தான் விற்பார்கள். அப்படிப் போடும்போது அழுக்கோடு மேல்தோலும் தேயும். ஆழமாக வெட்டிய எழுத்து மங்கும், மேலோட்டமாக வெட்டியது அடையாளமே இல்லாமல் போய்விடும். பளபளக்கும் குடம் வீட்டுக்கு வரும், யாருடைய குடம் என்பது சக்கரத்தடியில் தூளாகக் கிடக்கும். பாலீஷ் போடாததாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கலாம். கொஞ்சம் கறுப்பாக இருக்கும், விலையும் சற்றுக் குறையும். வீட்டுக்கு வந்து புளியைத் தொட்டுக் கையால் தேய்த்தால் எழுத்து தெளிந்து வரும். அரை மணி நேரம் தேய்த்தால் நகக்கண் எரிவது எப்படி என்றும் தெரிந்துவிடும்.

பாத்திரக் கடை மூலையில் ஸ்டூல் போட்டவர் இன்னும் பல ஊர்களில் உட்கார்ந்திருக்கிறார். முகூர்த்த சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன்னால் குடமும் குத்துவிளக்கும் வரிசை கட்டி நிற்கும். கருவியைக் கையிலெடுக்கும் முன் அவர் ஒரு துண்டுச் சீட்டையும் பென்சிலையும் நீட்டுகிறார். "பேரைத் தெளிவா எழுதிக் குடுத்துடுங்கம்மா. வெட்டினப்புறம் மாத்த முடியாது."